நாணயத் தட்டில் பத்து நகரங்கள்



சில திங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என்னிடம் படித்த மாணவர். இன்று ஒரு வங்கியில் அலுவலராக இருக்கிறார். "ஐயா, பழங்கிரேக்க நாணயங்களைச் சிறுகச் சிறுகச் சேர்க்க விரும்புகிறேன். என் வருவாயில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் வாங்க இயலாது. தங்கள் மரத்தட்டில் பத்துக் குழிகள் இருந்தது நினைவிருக்கிறது. எனக்கும் பத்து நகரங்கள் போதும். எவை என்று தாங்கள் எழுத வேண்டும்" என்று கேட்டிருந்தார்.

அந்த மரத்தட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வரலாற்று ஆசிரியனாகப் பணியேற்ற புதிதில், எங்கள் பள்ளியின் தச்சு ஆசிரியர் ஒரு தேக்குப் பலகையில் பத்து வட்டக் குழிகள் கடைந்து தந்தார். ஏன் பத்து என்று கேட்டேன். பலகையின் நீளம் அவ்வளவுதான் என்றார். அதில் உள்ளவை எல்லாம் உண்மையான நாணயங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையானவை இரண்டே, இரண்டும் வெண்கலக் காசுகள், முதிய பேராசிரியர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தவை. ஒன்று போலி, அதன் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். எஞ்சிய ஏழும் அட்டை வட்டங்கள். நாணயத்தின் சரியான அளவில் நிழற்படத்தை வெட்டி, கெட்டி அட்டையில் ஒட்டியவை. ஆனால் ஒன்று சொல்வேன்: எந்த நகரத்தைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் வேலை, வெள்ளிக்கும் ஒன்றுதான், அட்டைக்கும் ஒன்றுதான்.

பண்டைக் கிரேக்கம் ஒரே நாடாக இருந்ததில்லை. ஒவ்வோர் ஊரும் ஒவ்வோர் அரசு. கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருந்தொகுப்பு, அலெக்சாந்தர் காலம் வரையில் 1,035 கிரேக்க நகர அரசுகளைக் கணக்கிடுகிறது. அவற்றுள் 400க்கும் மேற்பட்டவை சொந்தமாக நாணயம் அடித்தவை. சேரர்க்கு வில், சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல் என்பது போல, ஒவ்வொரு நகரத்துக்கும் ஓர் இலச்சினை உண்டு. சில ஊர்கள் தம் பெயரையே சிலேடையாக்கிக் கொண்டன. ரோட்ஸ் தீவின் பெயரும் ரோசாப் பூவின் பெயரும் கிரேக்க மொழியில் ஒத்து ஒலிக்கும். ஆகவே அதன் நாணயத்தில் ரோசாப் பூ. சிசிலித் தீவின் செலினஸ் நகரம் அதே முறையில் 'செலினோன்' என்னும் கீரையின் இலையைப் பொறித்தது.

இத்தனை நகரங்களுள் பத்தை எவ்வாறு தேர்வது? இளமையில் நான் புகழைப் பார்த்துத் தேர்ந்தேன். பாடநூலில் எந்த நகரத்தின் பெயர் அடிக்கடி வருகிறதோ அந்த நகரம். ஒரு தாளில் முதலில் ஏதென்ஸ் என்று எழுதினேன். இரண்டாவதாக ஸ்பார்ட்டா என்று எழுதினேன். பிறகு நூல்நிலையத்தில் நாணயப் பட்டியல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஸ்பார்ட்டாவைக் காணோம்! தெர்மோபிலேயில் பாரசீகரை எதிர்த்து நின்ற நகரம், ஏதென்ஸை வென்ற நகரம், தன் பெருமைக் காலம் முழுவதிலும் வெள்ளி நாணயமே அடிக்கவில்லை. இரும்புத் துண்டுகளையே அவர்கள் பணமாக வழங்கினர் என்பர் பழைய ஆசிரியர்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில், ஏரியஸ் என்னும் அரசன் காலத்தில்தான் ஸ்பார்ட்டா முதன்முதலாக வெள்ளி அடித்தது. அதற்குள் அதன் புகழ்க்காலம் முடிந்துவிட்டது.

அன்றே புகழைக் கைவிட்டேன். அதற்குப் பிறகு நான் கைக்கொண்ட விதி மிக எளியது. ஒரு நாணயத்தைத் தட்டில் வைக்குமுன், 'வேறு எந்த நாணயமும் சொல்லாத எதனை இது சொல்கிறது?' என்று கேட்பேன். விடை கிடைத்தால் குழி உண்டு, இல்லையேல் இல்லை.

நாணயம் எங்கே தொடங்கிற்று என்னும் கேள்விக்கு எபேசு நகரம் விடை சொல்லும். இன்றைய துருக்கியின் மேலைக் கடற்கரையில் இருந்த ஊர் அது. அங்கிருந்த ஆர்ட்டெமிஸ் கோயிலின் அடிப்பகுதியை 1904, 1905ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தார் அகழ்ந்தபோது, உலகின் மிகப் பழைய நாணயங்கள் பல வெளிப்பட்டன. பொன்னும் வெள்ளியும் கலந்த 'எலெக்ட்ரம்' என்னும் உலோகத்தால் ஆனவை. பிற்காலத்தில் எபேசு வெள்ளியில் அடித்த நாணயத்தில் ஒருபுறம் தேனீ. மறுபுறம் மானும் பனைமரமும். என் அட்டை வட்டத்தில் இருப்பது அந்தத் தேனீதான்.

அடுத்தது ஈஜைனா. ஏதென்ஸின் துறைமுகத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் தீவு. கிரேக்கத் தாயகத்தில் முதன்முதல் நாணயம் அடித்தவர்களுள் ஈஜைனா மக்கள் முற்பட்டவர்கள். அவர்கள் வணிகர், கடலோடிகள், ஆகவே நாணயத்தில் கடலாமை. கனத்த சிறு வெள்ளிக் கட்டி போல இருக்கும்; எடை ஏறத்தாழ 12 கிராம். இதில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏதென்ஸ் ஈஜைனாவைப் பணிய வைத்தது. ஏறத்தாழ அக்காலத்திலேயே நாணயத்தில் கடலாமை மறைந்து நில ஆமை வந்துவிடுகிறது. கடலை இழந்தமையால் கடலாமையையும் விட்டார்கள் என்று சிலர் சொல்வர். நல்ல கதை. மாணவர்களுக்குச் சொன்னால் மறக்கவே மாட்டார்கள். ஆனால் நல்ல கதையாக இருப்பதே அது உண்மை என்பதற்குச் சான்று ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம்.

இனி ஏதென்ஸ். இதனைத் தள்ள எவராலும் இயலாது. ஒருபுறம் அத்தீனா தெய்வத்தின் தலை. மறுபுறம் ஆந்தை, ஒலிவக் கிளை, ஊர்ப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள். எடை 17 கிராமுக்குச் சற்று மேல். கி.மு. 483ஆம் ஆண்டளவில் லாரியம் என்னும் சுரங்கத்தில் புதிய வெள்ளி கிடைத்தது. ஆளுக்குப் பத்துத் திராக்மா பங்கிட்டுக் கொள்ளலாம் என்று பலர் விரும்பினர். தெமிஸ்டாக்கிளீஸ் என்பார் மக்களை இணங்கவைத்து, அந்த வெள்ளியைக் கொண்டு போர்க்கப்பல்கள் கட்டச் செய்தார். கி.மு. 480இல் சாலமிஸ் கடற்போரில் பாரசீகக் கடற்படையை முறியடித்தவை அக்கப்பல்களே. இதனைப் பல ஆண்டுகள் பெருமிதத்தோடு கற்பித்தேன். அந்த வெள்ளியைச் சுரங்கத்தின் இருளில் தோண்டியவர்கள் அடிமைகள் என்பதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோனேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் போலியின் கதை இங்கேதான் வருகிறது. 1996ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஒரு பெருநகரத்தில், ஒரு வணிகரிடம் ஏதென்ஸின் ஆந்தை நாணயத்தைக் கண்டேன். ஒரு திங்கள் ஊதியத்தில் பாதி விலை. அத்துணைக் குறைந்த விலையே என்னை எச்சரித்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. பள்ளி திறந்ததும் வேதியியல் கூடத்துத் தராசில் மாணவர்கள் சூழ நிற்க நிறுத்தேன். 15 கிராம்! விளிம்பைக் கைக்கண்ணாடியால் பார்த்தால் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடுகிறது. அச்சில் வைத்து அடித்த நாணயத்துக்கு அந்தக் கோடு வராது. இரண்டு அச்சுகளைச் சேர்த்து உலோகத்தை ஊற்றி வார்த்ததற்கே வரும். வணிகரிடம் திரும்பச் சென்றேன். விற்றது விற்றதுதான் என்று சொல்லிவிட்டார். நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் நேர்மை என்றும் பொருள் உண்டே, அதனை அவரிடம் சொல்லவில்லை. சொல்லிப் பயனும் இராது.

பல ஆண்டுகள் கழித்து ஒரு செய்தி படித்தேன். 1970ஆம் ஆண்டில் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 375ஆம் ஆண்டளவில் நிக்கோஃபோன் என்பவர் முன்மொழிந்த சட்டம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. சந்தையில் பணம் மாற்றுவோரின் மேசைகளுக்கிடையே நாணயத்தைச் சோதிப்பவன் ஒருவன் அமர்ந்திருக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ வைத்து மேலே வெள்ளி பூசிய காசு வந்தால் உடனே குறுக்கே வெட்டிவிட வேண்டும். வெட்டிய காசு தேவர்களின் தாய்க்கு உரியது. அந்தச் சோதனையாளன் நகரத்தின் அடிமை. அவன் தன் கடமையில் தவறினால் ஐம்பது கசையடி! ஏதென்ஸின் செல்வம் முழுவதும் ஓர் அடிமையின் கண்ணையும் விரலையும் நம்பி நின்றது என்பதை அந்தக் கல் சொல்கிறது. என் ஆந்தையை நான் குறுக்கே வெட்டவில்லை. ஏதென்ஸின் குழியில் அதுவே இருக்கிறது. தராசும் கைக்கண்ணாடியும் கொடுத்து, 'இதில் பிழை என்ன?' என்று ஆண்டுதோறும் மாணவர்களைக் கேட்டேன். நான் கொடுத்த விலை அவ்வாறு ஒருவாறு திரும்பி வந்தது.

நிற்க. மற்ற சில நகரங்களை விரைவாகப் பார்ப்போம். கொரிந்து நகரத்து நாணயத்தில் சிறகுள்ள குதிரை. அதன் கீழே 'கொப்பா' என்னும் எழுத்து. அவ்வெழுத்து கிரேக்க நெடுங்கணக்கிலிருந்து வழக்கொழிந்து போன பின்பும் கொரிந்து மக்கள் அதனை நாணயத்திலிருந்து நீக்கவில்லை. தீப்ஸ் நகரத்தில் கேடயம். கி.மு. 371இல் ஸ்பார்ட்டாவைத் தரைப்போரில் வென்ற எபமினோன்டஸின் பெயரெழுத்துகள் அந்நகரத்து நாணயம் ஒன்றில் உள்ளன என்று அறிஞர் பலர் கருதுவர். கி.மு. 335இல் அலெக்சாந்தர் அந்த ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார். தென் இத்தாலியின் மெட்டபோன்ட்டத்தில் வாற்கோதுமைக் கதிர். முன்புறம் புடைத்தும் பின்புறம் அதே கதிர் குழிந்தும் இருக்கும் அவ்வூரின் பழைய நாணயத்தைப் பார்த்தால், அச்சுத் தொழிலின் நுட்பம் விளங்கும். ரோட்ஸின் ரோசாப் பூவை முன்னரே சொன்னேன். நம் கரூரில், அமராவதி ஆற்றுப் படுகையில் ரோட்ஸ் உள்ளிட்ட கிரேக்க ஊர்களின் காசுகள் கிடைத்தன, திரு. இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். என் தட்டில் உள்ள உண்மையான காசுகளுள் ஒன்று ரோட்ஸினுடையது.

ஆப்பிரிக்கக் கரையில் இருந்த சைரீன் நகரத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அதன் நாணயத்தில் அரசனும் இல்லை, விலங்கும் இல்லை, ஒரு செடி. தடித்த தண்டும் உச்சியில் பூங்கொத்தும் உடைய 'சில்ஃபியம்' என்னும் அச்செடியின் பிசின் மருந்துக்கும் சமையலுக்கும் பயன்பட்டது. அந்நகரத்தின் செல்வம் அதிலிருந்தே வந்தது. மக்கள் அதனை அழிய அழிய வெட்டினர். உரோமப் பேரரசன் நீரோவின் காலத்தில் ஒரே ஒரு தண்டு கிடைத்தது என்றும், அதனை அவனுக்கு அனுப்பினர் என்றும் பிளினி எழுதுகிறார். சில்ஃபியம் கிடைக்காதபோது மாற்றாக அவர்கள் வாங்கியது யாது என்கிறீர்கள்? பாரசீகப் பகுதியிலிருந்து வந்த பெருங்காயம்! நம் வீட்டு இரசத்தில் மணக்கும் அதே பெருங்காயம். சில்ஃபியத்தை ஒத்த செடி ஒன்றைத் துருக்கியில் கண்டதாக 2021இல் ஓர் அறிஞர் எழுதினார். அதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கும் உதவியது சைரீன் நாணயமே.

அழகுக்கு என்று ஒரு குழி கொடுக்க வேண்டுமானால் அது சிரக்யூஸுக்கு உரியது. சிசிலித் தீவின் இந்நகரத்தில் அச்சு வெட்டிய கலைஞர்கள் தம் பெயரையே நாணயத்தில் பொறித்துக் கொண்டனர். கிமோன், யூஐனெட்டஸ் என்னும் இருவர் பெயர் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. டால்ஃபின்கள் சூழ அரெத்துசா என்னும் நீரூற்றுத் தேவியின் தலை. மறுபுறம் நான்கு குதிரை பூட்டிய தேர். இச்சிரக்யூஸைப் பிடிக்கத்தான் கி.மு. 415இல் ஏதென்ஸ் பெரும்படை அனுப்பியது. கி.மு. 413இல் அப்படை முற்றிலும் அழிந்தது. சிறைப்பட்டவர் கல் வெட்டும் குழிகளில் அடைபட்டு மடிந்தனர். என் தட்டின் மற்றோர் உண்மைக் காசு இந்நகரத்தது.

எண்ணிப் பார்த்தீர்களாயின் இதுவரை ஒன்பது நகரங்கள் ஆயின. பத்தாவதாக நெடுங்காலம் நான் வைத்திருந்தது டாரென்ட்டம். தென் இத்தாலியில் உள்ள ஊர். டால்ஃபினின் முதுகில் ஏறி வரும் இளைஞன் அதன் இலச்சினை. மாணவர்கள் தட்டைக் கண்டவுடன் முதலில் விரல் வைப்பது அதன் மேல்தான். எனக்கும் அதில் பற்று உண்டு.

ஒருநாள் பதினொன்றாம் வகுப்பில் பெலொப்பொனீசியப் போரைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். மீலோஸ் தீவின் கதையைச் சொன்னேன். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த அப்போரில் எப்பக்கமும் சேராமல் இருக்க விரும்பிய சிறு தீவு அது. கி.மு. 416இல் ஏதென்ஸின் தூதர்கள் வந்து பணியுமாறு கேட்டனர். நீதியைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டு, பெரியவர் வலிமையையும் சிறியவர் இயலாமையையும் மட்டுமே முன்வைத்து வாதாடினர். அந்த உரையாடலைத் தூசிடைடீஸ் தம் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். மீலோஸ் பணியவில்லை. முற்றுகைக்குப் பின் ஏதென்ஸின் படை, அகப்பட்ட ஆடவரைக் கொன்றது. பெண்டிரையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. தன் குடிகள் 500 பேரை அங்கே குடியேற்றியது.

அப்போது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்தத் தீவுக்கு நம் தட்டில் குழி இல்லையா?" என்று கேட்டாள். மணி அடிக்கும் நேரம். "அது மிகச் சிறிய தீவம்மா. அதற்கெல்லாம் இடம் கொடுத்தால் பலகை போதாது" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று இரவு அந்த விடை என்னை உறுத்தியது. இதனை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று எண்ணினேன். வேறெங்குமில்லை, மாலையில் கரும்பலகை முன் நின்று நானே எடுத்துச் சொன்ன ஏதென்ஸ் தூதர்களின் வாதம்தான் அது. மேலும், மீலோஸுக்கு நாணயம் உண்டா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், சிறியது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். ஆசிரியப் பயிற்சியின் முதல் வாரத்தில் எது கூடாது என்று சொல்லித் தந்தார்களோ, அதனைச் செய்தேன்.

தேடத் தொடங்கினேன். நல்ல நூல்நிலையம் இல்லாத ஊரில் இருந்தமையால் அதற்கே இரண்டு ஆண்டுகள் ஆயின. மீலோஸுக்கு நாணயம் உண்டு. 1907ஆம் ஆண்டில் அத்தீவில் ஒரு புதையல் வெளிப்பட்டது. அதற்கு முன்னர் மிக அரிதாகவே அறியப்பட்டிருந்த மீலோஸ் வெள்ளி நாணயங்கள் அதில் பலவாக இருந்தன. ஒருபுறம் பழம். கிரேக்க மொழியில் 'மீலோன்' என்றால் ஆப்பிள் போன்ற பழம். இதுவும் ஊர்ப் பெயரின் சிலேடையே. உருவத்தைப் பார்த்து மாதுளை என்பாரும் உண்டு. மறுபுறம் சக்கரம், பிறை, ஆட்டுத்தலை என்று பலவகை உருவங்கள். எடை ஏறத்தாழ 14 கிராம். அருகிலுள்ள ஈஜைனாவின் எடையும் அன்று, ஏதென்ஸின் எடையும் அன்று! ஏதென்ஸோ தன் நாணயத்தையும் நிறையையும் அளவையையுமே வழங்கவேண்டும் என்று தன் கீழுள்ள நகரங்களுக்கு ஆணையிட்டது. அவ்வாணையின் ஆண்டு பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, எனினும் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அத்தகைய காலத்தில் ஒரு சிறு தீவு தன் பழத்தையும் தன் எடையையும் விடாமல் வைத்துக் கொண்டிருந்தது.

அப்புதையல் பின்னர்ப் பல கைகளுக்குப் பிரிந்து போயிற்று. எனினும், 1909ஆம் ஆண்டிலேயே அதன் விவரம் ஒரு பிரெஞ்சு நாணய இதழில் அச்சேறிவிட்டமையால் நாம் இத்தனையும் அறிகிறோம். மண்ணிலிருந்து திருட்டாகத் தோண்டி, இடம் சொல்லாமல் விற்கப்படும் நாணயம் இந்தச் செய்திகளுள் எதனையும் சொல்லாது. கிரேக்கம், இத்தாலி, துருக்கி ஆகிய நாடுகளில் மண்ணில் கிடைக்கும் பழம்பொருள் அரசுக்கு உரியது. நாணயம் வாங்க எண்ணும் இளைஞர்கள், அது எவர் கையிலிருந்து எப்போது வந்தது என்னும் எழுத்துச் சான்று இல்லாமல் வாங்கக் கூடாது. அட்டை வட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

மீலோஸின் கதை அந்த வெள்ளியோடு முடியவில்லை. கி.மு. 405இல் ஏதென்ஸின் கடற்படையை ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் அழித்தார். எஞ்சியிருந்த மீலோஸ் மக்களைத் தேடித் திரட்டி அவர்கள் தீவை அவர்களுக்கே திருப்பித் தந்தார். விற்கப்பட்ட குழந்தைகள் அப்போது இளைஞராகியிருப்பர். எத்தனை பேர் திரும்பினரோ! அதற்கடுத்த நூற்றாண்டுகளில் மீலோஸ் சிறு சிறு வெண்கலக் காசுகளை அடித்தது. ஒருபுறம் அதே பழம். மறுபுறம் இரு கைப்பிடியுள்ள கிண்ணமும் ஊர்ப் பெயரின் எழுத்துகளும். விரல் நுனியளவே உள்ள காசு.

அந்தக் காசின் படத்தை வெட்டி அட்டையில் ஒட்டினேன். டாரென்ட்டத்தின் இளைஞனைப் பத்தாவது குழியிலிருந்து எடுத்துத் தீப்பெட்டி ஒன்றில் வைத்தேன். அதற்குள் அந்த மாணவி பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அடுத்த ஆண்டு மாணவர்களிடம் என் பிழையைச் சொன்னேன். அவளிடம் சொல்லும் வாய்ப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

வங்கி அலுவலராக இருக்கும் என் மாணவரும் அன்று அதே வகுப்பில் இருந்தவரே. பத்து நகரங்களையும் எழுதி, பத்தாவதாக மீலோஸின் வெண்கலக் காசைச் சொல்லி, "தம்பி, அன்று உங்கள் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா?" என்றும் கேட்டிருந்தேன். சென்ற வாரம் அவரிடமிருந்து மறுமொழி வந்தது. அது தமக்கு நினைவில்லை என்றும், ஆனால் டால்ஃபின் மேல் வந்த அந்த இளைஞனை என்ன செய்தீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்.